தீக்குச்சிக்கும் இடம் தராத பெருந்தகைக்கு

பந்தயச் சைக்கிளுக்கு பிரேம் வரையும் பெருந்தகையே! ஊரெல்லாம் பணத்தில் சிக்கனம் பிடிக்கும். நீரோ இடத்தில் பிடித்தீர். 2000-ஆம் ஆண்டை ஒட்டி நீர் செய்து தந்த வண்டியில் 25 மி.மீ. டயரை மாட்டி, டயருக்கும் பிரேக் வளைவுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை விட்டுப் பார்த்தால் உம் கைத்திறன் விளங்கும். குச்சி போகும், மருந்துத் தலை போகாது.

உமக்கு முந்தையவர்கள் சுத்த ஊதாரிகள். போல்ட்டிலிருந்து கட்டை வரை 47 முதல் 57 மி.மீ. எட்டுகிற பிரேக்கைப் பூட்டி, 32 மி.மீ. டயரோ, 28 மி.மீ. டயரும் மட்கார்டும் சேர்ந்தோ தாராளமாகப் புகுந்துகொள்ள விட்டார்கள். வார நாளில் முதுகில் சேறு படாமல் வேலைக்குப் போன அதே வண்டியில் ஞாயிறன்று பந்தயமும் ஓட்டினார்கள். ஒரே வண்டி எல்லாவற்றுக்கும் உதவினால் கடைக்காரர் பிழைப்பது எப்படி? இதை உணர்ந்த நீர், எட்டும் தூரத்தை 39 முதல் 49 மி.மீ. ஆக்கினீர். பிரேக்கின் கை குட்டையானால் வளையாது, பிடி இறுகும் என்றீர். மெய்தான். அந்த எட்டு மில்லிமீட்டருக்காக மட்கார்டு, மழைக்காலம், மண் பாதை என்ற மூன்று பற்றுகளையும் எங்களை அறுக்கச் செய்தீரே, அந்த ஞானத்தை என்னென்பது!

நீளக்கை பிரேக்கை வாங்கி மாட்டினால் ஆயிற்று என்று விவரம் தெரியாதவர்கள் சொல்வதுண்டு. போர்க்கின் தலையில் நீர் துளை போட்ட இடம்தான் பிரேக்குக்கு இடம். அதில் நீளக்கையைத் தொங்கவிட்டால் கட்டை ரிம்மை விட்டுவிட்டு ஸ்போக்ஸைத் தேடிப் போகும். எதை மாற்றினாலும் உம் ஆணையை மாற்ற முடியாது.

புதுத்தார் போட்ட சாலையில் போனால் டயரில் ஒட்டிய சல்லி ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் வளைவைச் சுரண்டி, நாங்கள் வருவதை ஊருக்கு அறிவிக்கும். மணி வாங்கும் செலவு மிச்சம். ஒரு ஸ்போக் அறுந்து வீல் இம்மியளவு பெண்டானாலும் டயர் பின்பக்கக் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். உருட்டவும் வராது, தோளில் போட வேண்டியதுதான். இதை முன்கூட்டியே நினைத்துத்தானே எடையை அப்படிக் குறைத்தீர்! சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000-இல் குறுக்கே வந்து, 6.8 கிலோவுக்குக் கீழே போகாதே என்று தடுத்திராவிட்டால் இன்னும் சுகமாகச் சுமந்திருப்போம்.

குள்ளமானவர்கள்மேல் உமக்கிருக்கும் கருணை தனி. ஐந்தடிப் பெண்ணுக்கும் ஆறடி ஆணுக்கும் அதே 622 மி.மீ. ரிம், சமத்துவம் என்றால் இதுவல்லவோ! சின்ன பிரேமில் முன்சக்கரம் காலடிக்கே வந்துவிடுவதால், மெதுவாகத் திரும்பும்போது ஷூவின் முனை டயரில் முட்டும். பார் நீளம் என்று யாரும் முறையிட்டுவிடக் கூடாதே என, சீட் குழாயை 73 பாகையிலிருந்து 75 பாகைக்கு நிமிர்த்தினீர். அட்டவணையில் மேல்பார் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாயிற்று. முழங்கால் முன்னே போகிறதே என்று அந்தப் பெண் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால், குறைந்த ஒன்றரை சென்டிமீட்டரும் குறைவின்றித் திரும்பி வந்துவிடும். கொடுத்ததும் தெரியாமல் எடுத்ததும் தெரியாமல் கொடுப்பதல்லவா வள்ளல்தன்மை! அமெரிக்காவின் ஜார்ஜினா டெர்ரி 1980களில் முன்சக்கரத்தைச் சிறிதாக்கி, பெண்களுக்குப் பொருந்துகிற பிரேம் செய்து காட்டினார். அழகு கெட்டுவிடும் என்ற நல்லெண்ணத்தில் அதை நீர் கண்டுகொள்ளவில்லை.

பழையவர்கள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக அளவுகள் வைத்திருந்தார்கள். நீர் பாரைச் சரித்து, மனித குலத்தையே சின்னது, நடுத்தரம், பெரியது என்று அடக்கினீர். கிடங்கிலும் இடம் மிச்சம்.

கடைசியில் டிஸ்க் பிரேக் வந்தது. 2018-இல் சாலைப் பந்தயங்களில் அதற்கு முழு அனுமதியும் கிடைத்தது. டயருக்கு மேல் குடை பிடித்த பிரேக் வளைவு போயிற்று. வீரர்களே 28, 30 என்று அகல டயருக்கு மாறினார்கள். சொரசொரப்பான சாலையில் அகன்ற டயர் குறைந்த காற்றோடு ஓடினால் வேகம் கெடாது என்ற ஞானம் உமக்கும் உதித்தது. இப்போது 32 மி.மீ. டயர் புகும் பிரேமைப் புதுமை என்று சொல்லி, புதுமைக்குரிய விலையில் தருகிறீர். அடகுக்கடைக்காரர் வட்டியை வாங்கிக்கொண்டு நம் நகையை நம்மிடம் தருவார். நீர் எங்கள் நகையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, புது டிசைன் என்று எங்களுக்கே விற்கிறீர்.

இனி மட்கார்டு முடுக்கும் துளையை நீர் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அவசரமில்லை; அதற்கும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.