உலகப் புத்தகத் தலைநகருக்கு ஒரு காதுக்காரரின் விண்ணப்பம்

அனுப்புநர்: கிள்ளானில் குடியிருந்து கோலாலம்பூரில் சம்பளம் வாங்கும் ஒரு கேட்பாளர்.

பெறுநர்: உலகப் புத்தகத் தலைநகர் (பதவிக்காலம்: 2020 ஏப்ரல் 23 முதல் ஓராண்டு), கோலாலம்பூர்.

பொருள்: காதால் வாசிப்பவர்களையும் வாசகர் கணக்கில் சேர்ப்பது, மாயக்கதை, அறிவியல் கதை, ராணுவக் கதை மூன்றையும் நம்மவர் குரலில் கேட்க வழிசெய்வது.

மாட்சிமை பொருந்திய தலைநகரே,

தாங்கள் பட்டமேற்ற நாள் விண்ணப்பதாரருக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2001-இல் மட்ரிட்டில் தொடங்கிய வரிசையில் இருபதாவது நகரமாக அரியணை ஏறினீர்கள். அதற்கு ஐந்து வாரம் முன்பே, மார்ச் 18 அன்று, கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. நூலகத்துக்குப் பூட்டு, புத்தகக் கடைக்குப் பூட்டு, பட்டாபிஷேகம் பார்க்க வெளியே கிளம்பினால் அபராதம். ஆண்டு முழுவதும் வாசியுங்கள் என்று ஊரைக் கூப்பிட்டுவிட்டு வாசலைச் சாத்த வேண்டிய நிலை தங்களுக்கு. அப்போதும் ஒரு சாரார் எந்தக் கதவும் திறக்கக் காத்திராமல் காலை முதல் இரவு வரை வாசித்துத் தள்ளினார்கள். காதால் வாசிப்பவர்கள் அவர்கள். விண்ணப்பதாரர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

அந்தப் பட்டத்துக்காக நகரம் முன்வைத்த நான்கு நோக்கங்களில் ஒன்று, எல்லா வடிவங்களிலும் வாசிப்பு. இன்னொன்று, யாரையும் விட்டுவிடாத மின்னியல் வசதி. அரசாங்க வாசகங்களை அப்படியே நம்பிவிடும் கெட்ட பழக்கம் விண்ணப்பதாரருக்கு உண்டு. எல்லா வடிவம் என்றால் அதில் காதும் அடக்கம் என்று அவர் தீர்மானித்துவிட்டார். அவருடைய மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லை. "புத்தகம்னா பக்கத்தைப் புரட்டணும் மச்சான். காதுல எதையோ மாட்டிக்கிட்டு, படிச்சேன் படிச்சேன்னு சொன்னா எப்படி?" என்பது அவர் கட்சி. மைத்துனர் அண்மைக் காலத்தில் புரட்டியது உணவுக்கடை விலைப்பட்டியலை மட்டுமே என்பதைத் தலைநகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிள்ளானில் கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வர ஏறத்தாழ ஒரு மணி நேரம். பாடாங் ஜாவாவில் போர் மூளும்; பத்து தீகாவில் ஒரு கோள் வெடிக்கும்; சுபாங் ஜெயாவில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறி நெருக்கும் நேரத்தில் விண்ணப்பதாரர் காதுக்குள் மனித குலத்தின் கடைசிக் கப்பல் சரணடைந்துகொண்டிருக்கும். இப்படிக் கேட்டுக் கேட்டு இவருக்குச் சில கருத்துகள் முற்றிவிட்டன. கேட்க ஆளில்லாததால் தங்களுக்கு எழுதுகிறார்.

முதலில் மாயக்கதை. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முழுவதையும் ராப் இங்க்லிஸ் ஒற்றை ஆளாகப் படித்தார். பாட்டு வரும் இடங்களில் பாடவும் செய்தார். ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்' 14 பாகங்களையும் பகிர்ந்து படித்த மைக்கேல் கிரேமரும் கேட் ரீடிங்கும் கணவன் மனைவி. பிராண்டன் சாண்டர்சனின் 'தி வே ஆஃப் கிங்ஸ்' நூலையும் அதே தம்பதி படித்திருக்கிறார்கள்: சுமார் 45 மணி நேரம். அச்சுப் புத்தகத்தில் எந்த மலைக்கு அந்தப் பக்கம் எந்த ராஜ்யம் என்று குழம்பினால் முதல் பக்கத்து வரைபடத்துக்குத் திரும்பலாம். காதுக்கு வரைபடம் கிடையாது. வடக்கத்தியான் பேசுகிறானா தெற்கத்தியான் பேசுகிறானா என்பதைப் படிப்பவரின் குரல்தான் காட்டித்தர வேண்டும். மேற்சொன்ன மூவருக்கும் அது கைவந்த கலை.

ராணுவக் கதையில் தொல்லை வேறு. துப்பாக்கியின் எடை, குண்டின் விட்டம், கட்டளை, அந்தக் கட்டளை காதில் விழுந்தது என்ற பதில் கட்டளை. அச்சில் இருந்தால் கண் இரண்டு பத்தியைத் தாண்டிப் போய்விடும். காது பீரங்கியின் முழு ஜாதகத்தையும் கேட்டாக வேண்டும். கிரேக் அலன்சனின் 'எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்' தொடரை ஆர். சி. பிரே படித்துக் கேட்டால் இதுவும் மன்னிக்கப்படும். அதில் பீர் டப்பா வடிவில் ஒரு செயற்கை அறிவு ஸ்கிப்பி என்ற பெயரில் வந்து, படைவீரர்களை வாய்க்கு வந்தபடி கேலி செய்கிறது. அந்த டப்பா பேசும்போது யாருக்கும் பீரங்கி ஞாபகம் வராது.

அறிவியல் கதைக்கு ஆண்டி வெயரின் 'புராஜெக்ட் ஹெயில் மேரி' ஒன்றே போதும். அதில் ராக்கி என்ற வேற்றுக்கிரகவாசி சுரங்களால் பேசும். ரே போர்ட்டர் படித்த ஒலிநூலில் அந்தப் பேச்சை இசையாகவே சேர்த்திருக்கிறார்கள். 2022-இல் அமெரிக்காவின் ஆடி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஒலிநூலாக அது தேர்வானது. இல்லாத ஒரு கிரகத்தின் இல்லாத ஒரு மொழிக்கு எடுத்துக்கொண்ட சிரத்தை இது.

இனி, இருக்கிற மொழிக்கு வருவோம்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது 'பொன்னியின் செல்வன்'. அவர் நூல்கள் 1999-இல் தமிழ்நாட்டில் நாட்டுடைமை ஆயின. நல்ல காரியம்தான். அதன் பலனாக, புதிதாக மைக் வாங்குகிற எவரும் முதல் வேலையாக வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றி வீராணம் ஏரிக்கரைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாம்பே கண்ணன் பல குரல் கலைஞர்களை வைத்து நாடகமாகவே தயாரித்ததைப் போல உழைத்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விண்ணப்பதாரர் எழுந்து நின்று வணங்குகிறார். மற்ற பலரிடம் வாள் உருவினால் 'டணார்', வாள் உறைக்குள் போனாலும் 'டணார்'. பின்னணி இசை வேறு குந்தவையின் குரலுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இவர் பயன்படுத்தும் ஒரு செயலியில் இந்த நாவல் மாயக்கதைப் பிரிவில் கிடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவரை ஹாரி பாட்டருக்குப் பக்கத்து அறையில் தங்கவைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையே இயந்திரக் குரல் புகுந்தது. பெயர் வேண்டாம்; ஒரு செயலி. அது படித்த சரித்திரக் கதையில் சோழ நாடு சோள நாடாயிற்று. புலிக்கொடி பறந்த தேசத்தில் மக்காச்சோளம் விளைவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அருள்மொழிவர்மர். 'கி.மீ.' என்று வந்தால் 'கிமீ', 'லெப். கர்னல்' என்று வந்தால் 'லெப்' என்று நிறுத்தி, மூச்சுவிட்டு, புதிய வாக்கியமாகக் கர்னலைத் தொடங்குகிறது. சுஜாதா 1980-களில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். அதில் ஜீனோ என்ற இயந்திர நாய் மனிதரை மடக்கி மடக்கிப் பேசும். சொன்ன காலம் வந்துவிட்டது, கதையில் போலவே சர்வாதிகாரிகளும் வந்துவிட்டார்கள். ழகரம் சொல்லத் தெரிந்த நாய் மட்டும் வந்தபாடில்லை.

தலைநகரே, காதுக்காரர்களைத் தாங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தாலே போதும். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பிரெயில் நூல்களும் பேசும் புத்தகங்களும் அவர்களுக்குப் பழைய சரக்கு. ஒலிநூலே அவர்களால் பிறந்தது. முதல் உலகப் போரில் கண்ணை இழந்த சிப்பாய்களை மனத்தில் வைத்துத்தான் பிரிட்டனில் 1935-இல் பேசும் புத்தகச் சேவை தொடங்கியது. முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்று. ஒரு நாவலுக்குப் பத்து இசைத்தட்டு அளவுக்கு வேண்டியிருந்தது. ஆக, ராணுவத்துக்கும் ஒலிநூலுக்கும் உள்ள உறவு ரத்த உறவு.

பார்வையற்றோர் படிக்க ஏற்ற வடிவில் நூல்களை ஆக்கவும் நாடு விட்டு நாடு அனுப்பவும் சட்டத் தடையை நீக்கிய மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் வந்தது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. மலேசியா 2022-இல் சேர்ந்தது. காகிதத்தில் பாதை திறந்தாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் வெள்ளைக் கோலுக்கு வழிகாட்டப் பதித்த மஞ்சள் ஓட்டின் மேல் மட்டும் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. விண்ணப்பதாரர் போன வாரம் பார்த்தபோது, அதன் இருக்கையில் ஒருவர் சாவகாசமாகத் தேநீர்ப் பொட்டலத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கோலோடு வந்த பெரியவர் சக்கரத்தைத் தட்டி, அளந்து, சுற்றிக்கொண்டு போனார். உறிஞ்சியவர் உறிஞ்சலை நிறுத்தவில்லை.

இப்போது முக்கியமான புகார். அயல் கிரகத்துப் போர் அத்தனையும் விண்ணப்பதாரர் காதில் நடந்துவிட்டது. கிள்ளான் வழியாகப் போன போரை மட்டும் கேட்க முடியவில்லை.

1941-இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம், தமிழ்ப் பள்ளி, கள்ளுக்கடை ஒழிப்பு என்று நீண்ட கோரிக்கைகளில் ஒன்று: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற விதியை எடுக்க வேண்டும். பட்டாளம் வந்தது. சிலர் சுடப்பட்டு மாண்டார்கள். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 8 அன்று, ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. துரைமார் பட்டாளத்தைத் தெற்கு நோக்கி விரட்டிய அந்தப் படையில் பலர் வந்தது சைக்கிளில். யாரைக் கண்டும் அவர்கள் இறங்கி நிற்கவில்லை. இப்படியொரு திருப்பத்தை எந்த அறிவியல் புனைகதை ஆசிரியராவது யோசித்திருப்பாரா?

போர் முடிந்த விதமும் குறைந்ததல்ல. ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 செப்டம்பர் 9 அன்று, பிரிட்டிஷ் படை மோரிப் கடற்கரையில் பெருந்திட்டத்தோடு வந்து இறங்கியது. சுட ஆளில்லை. வண்டிகள் மட்டும் சேற்றில் மாட்டிக்கொண்டன.

நடுவில் சயாம் மரண ரயில். ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் இணைந்தது. 12,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் செத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் சாவு அதைவிடப் பல மடங்கு. உலகத்துக்கு இந்தக் கதையைச் சொன்னவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். 1936-இல் மலாயா வந்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர். 1952-இல் அவர் எழுதிய க்வாய் நதிப் பால நாவல் 1957-இல் படமாகி ஏழு ஆஸ்கார் வாங்கியது; படம் பிடித்த இடம் இலங்கையின் கித்துல்கல. படத்தில் விசிலடித்தபடி அணிவகுத்து வருபவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். அதே பூல்தான் 1963-இல் குரங்குகள் ஆளும் கிரகத்தைப் பற்றியும் எழுதினார். அது 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' ஆகி இன்னமும் படமாக வந்துகொண்டிருக்கிறது. ராணுவக் கதை, அறிவியல் கதை இரண்டுக்கும் மூலதனம் போட்டது நம் ரப்பர் தோட்டம். லாபப் பங்கில் தொழிலாளர் லயத்துக்கு ஒன்றும் வரவில்லை.

லயத்துப் பக்கத்துக் கதை எழுதப்படாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. மேடானையும் பினாங்கையும் நேதாஜியின் படையையும் ஒரே மூச்சில் அளந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. கடாரத்துக்குக் கப்பல் விட வேண்டுமானால் சாண்டில்யனின் 'கடல் புறா' மூன்று பாகம். சரக்குக்குப் பஞ்சமில்லை, படித்துக் காட்டும் குரலுக்குத்தான் பஞ்சம்.

ஆகவே விண்ணப்பதாரர் கோருவது:

1. கிள்ளானிலிருந்து வரும் கொமுட்டரில் சென்ட்ரலுக்கு இரண்டு நிலையம் முன்னால் வருவது அங்காசாபுரி. அங்கே தமிழ் வானொலி நாடகத்தில் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. அவர்களைக் கூப்பிட்டு மலேசியத் தமிழ்ப் போர் நாவல்களைப் படிக்கச் சொல்ல வேண்டும். எழுத்தாளருக்கும் குடும்பத்துக்கும் உரிமைத் தொகை கொடுக்க வேண்டும். நம் சட்டப்படி காப்புரிமை ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை. அதுவரை பொறுத்திருங்கள் என்று கேட்பாளரிடம் சொல்லக் கூடாது.

2. கங்காணி, கிராணி, தண்டல் ஆகியோர் தோட்டத்துத் தமிழ் பேச வேண்டும். சென்னைத் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் போல் கங்காணி பேசினால் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்ய மாட்டான், சிரிப்பான்.

3. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு 'டணார்' மட்டும். குண்டு வெடிக்கும் இடத்தில் வீணை கூடாது.

4. குரல் தேர்வுக் குழுவில் பிரிக்பீல்ட்ஸ் கேட்பாளர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடாமல், மணிக்கணக்குப் பார்த்துச் சம்பளம் தர வேண்டும்.

5. காதால் கேட்டதும் வாசிப்பே எனத் தங்கள் முத்திரையுடன் ஒரு சான்றிதழ். மைத்துனரிடம் காட்டுவதற்கு.

இங்ஙனம்,
கிள்ளான் கேட்பாளர்

பின்குறிப்பு: பதிலை ஒலிப்பதிவாக அனுப்பினால் மகிழ்ச்சி. ஆனால் இயந்திரக் குரலில் வேண்டாம். 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்ற வாக்கியம் வந்தால், பேசியது இயந்திரமா அதிகாரியா என்று விண்ணப்பதாரரால் கண்டுபிடிக்க முடியாது.