பின்னால் இடித்தது முன்வினை

வடபழனி சிக்னலில் சிவப்பு விழுந்தது. நான் நின்றேன். என் தரப்பில் நடந்த குற்றம் இவ்வளவுதான். இதற்கு மேல் எதையும் மறைக்கவில்லை.

மூன்றாவது நொடியில் பின்னாலிருந்து இடி. பின்சீட்டில் இருந்த டிபன் கேரியர் முன்சீட்டுக்கு வந்து சேர்ந்தது. இறங்கிப் பார்த்தால், என் டிக்கியின் மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டு ஒரு வெள்ளை வண்டி. அதன் கண்ணாடியில் வக்கீல் ஸ்டிக்கரும் பத்திரிகை ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று பானெட்டில் கட்சிக் கொடிக்கான கம்பி வேறு. கொடியைக் காணோம், தேர்தல் முடிவுக்குக் காத்திருக்கிறது போலும். ஓட்டி வந்தவர் காதில் கைபேசி. "இருடா, ஒருத்தன் நடுரோட்ல நின்னுட்டான்" என்று அதில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எதுக்கு சார் பிரேக் போட்டீங்க?"

விளக்கைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். ஊருக்குப் புதிதாக வந்தவர் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதெல்லாம் சரி சார். அதுக்காக நின்னுடறதா?"

அதற்குள் நீதிபதிகள் கூடிவிட்டார்கள். சென்னையில் ரத்தம் வந்தால் கூட்டம் படம் எடுக்கும். ரத்தம் வராவிட்டால் தீர்ப்புச் சொல்லும். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்த ஒருவர், "பின்னாடி வர்றவங்களையும் பாத்து ஓட்டணும்ணா" என்று எனக்குப் பாடம் எடுத்தார். முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டியவர் பின்னால் வருபவர்தான் என்று 2017இல் வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன என்றேன். ஷேர் ஆட்டோக்காரர் மனம்விட்டுச் சிரித்தார். "கேப் விட்டா நாங்க பூந்துருவோமே சார்."

பிறகு போக்குவரத்துக் காவலர் வந்தார். ஸ்டிக்கர்களைப் படித்தார். கொடியில்லாத கம்பியைப் படித்தார். கடைசியில் என்னைப் படித்தார். என்னிடம் படிக்க எதுவும் இல்லை. "புகார் குடுத்தா சி.எஸ்.ஆர். போடலாம் சார். எப்.ஐ.ஆர். ஆச்சுன்னா ரெண்டு வண்டியும் ஸ்டேஷன்ல நிக்கும். வண்டி ஆய்வாளர் வந்து பாக்கணும். எதுக்கு உங்களுக்கு அலைச்சல்? இன்சூரன்ஸ்ல போட்டுக்குங்க." இடித்தவரும் முகம் மலர்ந்தார். "அதானே? நானும் அதைத்தானே சொல்ல வந்தேன். இன்சூரன்ஸ்ல போட்டுக்குங்க சார்!"

இன்சூரன்ஸில் போட்டுக்கொள்வது. ஏதோ கோயில் உண்டியலில் போடுவதுபோல எவ்வளவு இலகுவாகச் சொல்கிறார்கள்! உண்மையில் அந்தச் சொற்பொருத்தம் சரிதான். போடுகிறவர் நாம். எடுக்கிறவர் வேறு.

அவருடைய பாலிசியைப் படம் எடுத்துக்கொண்டேன். அது நடப்பில் இருந்ததே என் பாக்கியம். இந்த நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுகின்றன என்று நாடாளுமன்றக் குழுவே கணக்குச் சொல்லியிருக்கிறது. மாட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறை என்றும் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அதற்கும் மேல் ஒரு அதிர்ஷ்டம்: அவரும் நானும் ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி! மனம் குளிர்ந்தது. ஒரே வீட்டுப் பணம். வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கம்பெனியின் இலவச எண்ணை அழைத்தேன். என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பதினோரு முறை சொல்லிவிட்டு, ஒரு பெண் குரல் வந்தது.

"விபத்து நேரத்துல வண்டியோட வேகம் எவ்ளோ சார்?"

"நின்றுகொண்டிருந்தது."

"அப்ப வேகம்?"

"பூஜ்யம்."

விசைப்பலகை சத்தம். அமைதி. மறுபடி சத்தம். "சிஸ்டம் ஜீரோ எடுக்க மாட்டேங்குது சார். ஒரு பத்துன்னு போட்டுக்கறேன்."

இப்படியாக, சிவப்பு விளக்கில் சிலையாக நின்ற நான், கம்பெனியின் ஆவணப்படி மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் விபத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்து அவர் சட்டம் சொன்னார். இடித்தவரின் பாலிசியில் மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கு ஏழரை லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அந்த மூன்றாம் நபர் நான்தான். ஆனால் அதைக் கேட்க வேண்டுமானால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அது சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. ஆறு மாதத்துக்குள் மனு, அதற்கு ஒரு வக்கீல், எப்.ஐ.ஆர். நகல், ஆய்வாளர் அறிக்கை, பிறகு வாய்தா, பிறகு வாய்தா. அங்கே என்னை எதிர்த்து நிற்கப் போவது யார்? நான் வருடா வருடம் பிரீமியம் கட்டி, அதன்மேல் 18 சதவீதம் வரியும் கட்டி வளர்த்த அதே கம்பெனி. என் பணத்தில் வக்கீல் வைத்து, என் பம்பர் உடைந்ததற்கு என்ன ஆதாரம் என்று என்னையே கேட்கும்.

"இல்லன்னா உங்க பாலிசியிலயே க்ளெய்ம் பண்ணிடுங்க சார். ஈஸி."

முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்ச் சேதத்துக்கு எவனும் அந்தப் படி ஏற மாட்டான் என்பது சட்டம் செய்தவர்களுக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியும், கொடிக்கம்பிக்காரருக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் சிவப்பில் நின்றவன். இழப்பீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு அதை இடித்தவரிடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. ஆனால் இங்கே கம்பெனி தன் இடது கைக்குத் தானே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். என் பையில் கைவிடுவது அதைவிடச் சுலபம்.

வண்டியை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்டேன். டை கட்டிய பையன் குளிரூட்டிய அறையில் காபி கொடுத்துவிட்டுக் கேட்டான்: "இன்சூரன்ஸா, கேஷா சார்?" இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். வித்தியாசம் எண்ணாயிரம் ரூபாய். வண்டி ஒன்றுதான், நசுங்கல் ஒன்றுதான், சுத்தியலும் ஒன்றுதான். ஆனால் இன்சூரன்ஸ் என்றதும் தகரத்துக்கு வலி கூடிவிடுகிறது. பிறகு குரலைத் தாழ்த்தினான். "முன் பம்பர்ல ஒரு பழைய கீறல் இருக்கு. அதையும் இதுலயே சேத்துடலாமா? எல்லாரும் பண்றதுதான்." பின்னால் இடித்த வண்டி முன்னால் எப்படிக் கீறும் என்று கேட்டேன். "அதெல்லாம் எழுதிக்கலாம் சார்." கோபத்தோடு மறுத்துவிட்டேன். அந்த ஒரு நாளில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான சலுகையும் அப்படிப் போயிற்று.

மூன்று நாள் கழித்து சர்வேயர் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அவ்வளவு குறை கண்டிருக்க மாட்டார். "பம்பரை ஒட்டிப் போடலாமே?" "இந்த நசுங்கல் பழசு மாதிரி இருக்கே?" "டெயில் லைட்ல ஒரு பக்கம்தானே போயிருக்கு?" கடைசியாகக் காகிதத்தைப் பார்த்தார். "பத்து கிலோமீட்டர்ல போயிட்டிருந்திருக்கீங்க?" நின்றுகொண்டிருந்தேன் என்றேன். "சிஸ்டத்துல பத்துன்னு இருக்கே" என்று என்னைப் பார்த்த பார்வையில், போலீஸ் ஸ்டேஷனே மேல் என்று தோன்றியது.

இனிக் கணக்கு. தமிழன் கணக்கில் புலி என்பார்கள். புலியை எப்படிப் புல் தின்ன வைப்பது என்று பாருங்கள். மொத்த பில் 40,500 ரூபாய்.

பம்பர் 7,000. அது பிளாஸ்டிக், பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் பாதி. கம்பெனி தருவது 3,500. டிக்கிக் கதவு 14,000. அது இரும்பு, வண்டிக்கு ஆறு வயது, ஐந்து முடிந்தால் இரும்புக்கு 40 சதவீதத் தேய்மானம், தருவது 8,400. டெயில் லைட் 4,000, அதுவும் பிளாஸ்டிக், 2,000. டிங்கரிங் கூலி 6,000, அதை மட்டும் முழுதாகத் தந்தார்கள். கூலி தேயாது என்பது ஒரு கருணை. பெயின்ட் வேலை 8,000. அதில் கால்வாசியைப் பெயின்ட் விலை என்று வைத்து, அதில் பாதியைக் கழித்து, 7,000. திருகு, கிளிப், பிசின் வகையறா 1,500, அதற்குப் பைசா கிடையாது. கூட்டினால் 26,900. அதிலும் பாலிசிதாரர் கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாயைக் கழித்து, 25,900. மீதி 14,600 என் கையிலிருந்து.

அன்று காலை வரை முழுதாக இருந்த கதவு அது. நான் புதுக் கதவு கேட்கவில்லை. இருந்த கதவு இருந்தபடி வேண்டும் என்றேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதற்கு எத்தனையோ வருடம் ஆகும். கம்பெனியின் மேசையில் ஒரு நிமிடம் போதும். இந்தத் தேய்மானப் பட்டியல் 2002ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிகளில் இருந்து வருகிறது. 2007இல் வண்டிச் சேதப் பாலிசிக்கான விலைக் கட்டுப்பாட்டைத் தூக்கினார்கள். பிரீமியத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். விலைக்கு விடுதலை வந்தது. தேய்மானப் பட்டியல் மட்டும் தேயாமல் அப்படியே இருக்கிறது.

தேய்மானம் பிடிக்காத பாலிசி உண்டு. பேச்சுவழக்கில் அதன் பெயர் 'பம்பர் டு பம்பர்'. சென்னையில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். நூறடிச் சாலையின் மாலை நேரம் ஒன்று, அது இலவசம். பாலிசி இன்னொன்று, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், வண்டிக்கு ஐந்து வயது கடந்தால் பல கம்பெனிகள் தரவும் தயங்கும். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புது வண்டிகளுக்கு ஐந்தாண்டு 'பம்பர் டு பம்பர்' கட்டாயம் என்று உத்தரவிட்டது. செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நீதியும் ஒரு தடவை சடன் பிரேக் போட்டது. பின்னால் வந்து இடிபட்டவர்கள் நாம்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். 'நோ க்ளெய்ம் போனஸ்' என்று ஒன்றை மறந்துவிட்டேன். வருடக்கணக்காக எதுவும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காகக் கம்பெனி தரும் தள்ளுபடி அது: 20, 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடத்தில் 50 சதவீதம். நான் அந்த உச்சியில் இருந்தேன். ஒரு க்ளெய்ம், பரமபதப் பாம்பு நேரே பூஜ்யத்தில் கொண்டு இறக்கியது. (சிஸ்டம் இந்த இடத்தில் மட்டும் ஜீரோவை எடுத்துக்கொள்கிறது.) வண்டிச் சேதத்துக்கான என் பிரீமியம் தள்ளுபடி இல்லாமல் 9,000, தள்ளுபடியோடு 4,500. வண்டி மதிப்புக் குறைவதை விட்டுவிட்டுப் பார்த்தால், மறுபடி 50ஐத் தொடும்வரை வருடா வருடம் நான் கூடுதலாகக் கட்டுவது 4,500, 2,700, 2,250, 1,350, 450. மொத்தம் 11,250.

ஆக, 40,500 ரூபாய்ச் சேதத்தில் என் பங்கு 25,850. கம்பெனியின் பங்கு 14,650. இடித்தவரின் பங்கு ஒரு 'சாரி'. அதையும் அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கைபேசியில் இருந்தவனிடம் சொன்னதாக இருக்கலாம். அவருடைய தள்ளுபடி ஒரு மயிரிழையும் குறையவில்லை, ஏனென்றால் அவர் எதுவும் கேட்கவில்லையே! நல்லவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பாட்டி சொல்வாள். இங்கே இரண்டும் ஒரே இடத்தில், ரசீதோடு.

க்ளெய்ம் படிவத்தை வீட்டில் மறுபடி எடுத்துப் படித்தேன். என்ஜின் எண், சேசிஸ் எண், லைசென்ஸ் எண், வண்டியில் எத்தனை பேர், எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு என்று எல்லாம் கேட்கிறார்கள். தவறு யாருடையது என்ற கேள்விக்கு நான் எழுதிய பதில் என் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட மாற்றவில்லை. நான் குடித்துவிட்டுச் சுவரில் இடிக்கவில்லை, தூங்கிப்போய் மரத்தில் ஏற்றவில்லை. ஆனால் தள்ளுபடியைப் பறிக்கும் கத்திக்கு, தன் வண்டியைத் தானே தூணில் மோதியவனும் சிவப்பில் நின்றவனும் ஒரே கழுத்துதான். வண்டியைச் சாலையில் இறக்க இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சட்டத்தைக் காட்டிக் கட்ட வைக்கிறார்கள். கேட்கப் போகும்போது, சட்டம் தீர்ப்பாயத்தில் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள் என்கிறார்கள். கைக்கெட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்ணீர்ப் பானைக்குத் தண்ணீர்ப் பந்தல் என்று பெயர் வைத்து, ஊரையே வரி கட்ட வைத்தால் அது எதில் சேர்த்தி? இதைக் கேட்டால், "பாலிசி நிபந்தனையைப் படிச்சீங்களா சார்?" என்கிறார்கள். படித்தேன். எறும்பும் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்து.

குறைதீர்ப்பாளர் இருக்கிறாரே என்று நண்பர் சொன்னார். இருக்கிறார், தேனாம்பேட்டையில். ஆனால் அவரிடம் கொண்டுபோக எனக்குக் குறை இல்லை. கம்பெனி ஒரு விதியைக்கூட மீறவில்லை. எல்லாம் விதிப்படிதான் நடந்தது. என் வயிறு எரிவது அதனால்தான்.

வண்டி பதினெட்டு நாளில் வந்தது. டிக்கியின் நிறம் மற்றப் பகுதியோடு ஒட்டவில்லை. "வெயில்ல நின்னா சேந்துடும் சார்" என்றான் டை கட்டிய பையன். கழற்றிய பழைய பம்பர் எங்கே என்றேன். அது கம்பெனியுடையதாம். தேய்ந்த பாதி எனக்கு, தேயாத முழுசு அவர்களுக்கு.

போன வாரம் புதுப்பித்தல் அழைப்பு வந்தது. குரலில் தேன். "உங்க போனஸ் ஜீரோ ஆயிருக்கு சார். அடுத்த தடவை போகாம இருக்க 'போனஸ் புரொடெக்‌ஷன்'னு ஒரு ஆட்‌-ஆன் இருக்கு. கொஞ்சம்தான் எக்ஸ்ட்ரா."

என் மேல் தவறே இல்லையே அம்மா, நான் ஏன் கட்ட வேண்டும் என்றேன்.

விசைப்பலகை சத்தம். "ரெக்கார்ட்ல பாக்கறேன் சார்… விபத்து நேரத்துல வேகம் பத்துன்னு இருக்கு. சிக்னல்ல கொஞ்சம் மெதுவாப் போங்க சார்."