கேட்க வராதீர்கள், பாட வாருங்கள்

கே: அமெரிக்காவில் 'ஷேப் நோட்' பாட்டு என்கிறார்களே, அது என்ன?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை

ப: பாடத் தெரியாதவரையும் பாட வைக்கப் பிறந்த எழுத்துமுறை. வழக்கமான மேற்கத்திய இசைத்தாளில் சுரத்தலை எல்லாம் ஒரே முட்டை வடிவம். இதிலோ வடிவமே பெயர் சொல்லும்: முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, வைரம் மி. 1801இல் 'ஈஸி இன்ஸ்ட்ரக்டர்' என்ற புத்தகத்தில் வந்தது. 1844இல் ஜோர்ஜியாவின் பி. எஃப். வைட், இ. ஜே. கிங் தொகுத்த 'சேக்ரட் ஹார்ப்' இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கே: சுரம் ஏழு, பெயர் நான்கு. கணக்கு உதைக்கிறதே?
– இசை ஆசிரியை, பேராதனை

ப: ஃபா சோல் லா, ஃபா சோல் லா, மி. சங்கராபரணத்தைப் பாடிப் பாருங்கள் டீச்சர். ச-ரி-க நடக்கிற அதே இடைவெளியில்தானே ம-ப-த நடக்கிறது? அதனால் ஒரே பெயர் இரண்டு தடவை. சுருதிப்பெட்டி கிடையாது, அனுபவசாலி ஒருவர் வாயாலேயே சுருதி பிடித்துக் கொடுப்பார். முதலில் சுரம், பிறகு சொல். நாம் கீதம் படிக்கிற ஒழுங்கேதான்.

கே: எங்கள் தேவாலயத்தில் பாடற்குழு பாடும், நாங்கள் நிற்போம். அங்கேயும் அப்படியா?
– வாசகி, கம்பளை

ப: அங்கே கேட்பவர் வரிசையே இல்லை. நான்கு பக்கம் நான்கு குரல், எல்லோரும் உள்நோக்கி அமர்வார்கள். விரும்பியவர் பக்க எண்ணைச் சொல்லி நடுவில் வந்து, கையை மேலும் கீழும் அசைத்துத் தாளம் காட்டுவார். பாட்டு முடிந்தால் அடுத்தவர். சின்னப் பிள்ளையும் நடத்தலாம். மூல மெட்டு டெனர் பக்கத்தில். அதை ஆணும் பெண்ணும் சேர்ந்தே பாடுவார்கள். நடுவில் நிற்பவர் காதில் நான்கு குரலும் ஒரேயடியாக மோதும், அந்த இடத்துக்காகவே பலர் வருகிறார்கள். உங்கள் கடிதத்தில் அந்த 'நிற்போம்' என்னை வருத்துகிறது. நல்ல ஒலிவாங்கி வந்தபின் நம் சபைகள் பல வாயை மூடிக்கொண்டன.

கே: கண்டிப் பக்கம் இதற்குக் கிட்டிய மரபு உண்டா?
– வாசகர், மாத்தளை

ப: கீர்த்தனை இருக்கிறதே! 1854இல் கண்டியை மையமாக்கித் தோட்டத் தமிழரிடையே மிஷன் பணி தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். அப்போது மலையெங்கும் கோப்பி. தமிழ்க் கீர்த்தனைகளுக்குப் பேர்போன தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அன்று உயிரோடு இருந்தார். ஒருவர் சரணத்தை எடுத்துக் கொடுக்க, பல்லவிக்குச் சபை முழுவதும் சேர்ந்துகொள்ளும். எழுத்தறியாதவருக்கும் பல்லவி வாயில் நிற்கும். அமெரிக்கர் தாளில் வடிவம் வரைந்து செய்த வேலையை நம்மவர் பல்லவியை வைத்தே முடித்தார்கள்.

கே: நாங்கள் இந்துக்கள். இங்கே இப்படியொரு பாட்டுக்கூட்டம் கூடினால் வந்து கேட்கலாமா?
– தோட்டத்து வாசகர், தெல்தெனிய

ப: கேட்கக் கூடாது, பாடலாம்! அமெரிக்கக் கூட்டங்களில் எந்தச் சபை, என்ன நம்பிக்கை என்று யாரும் விசாரிப்பதில்லை. மார்கழி விடியலில் லயத்தைச் சுற்றிப் பஜனை பாடிய குரலுக்கு இங்கே என்ன தடை?

கே: ட்ரினிட்டி கல்லூரிச் சிற்றாலயத்தில் கூடினால் எப்படியிருக்கும்?
– பழைய மாணவர், கண்டி

ப: 1935இல் பிரதிஷ்டையான அந்தக் கல்தூண் மண்டபமும் டேவிட் பெயின்டர் தீட்டிய ஓவியங்களும் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் பக்கச் சுவர் இல்லை. குரல் வெளியே போய்விடும். இந்தப் பாட்டுக்குச் சின்ன அறை, விரிப்பில்லாத தரை, மரக்கூரை வேண்டும். பள்ளி வகுப்பறையில் வாங்குகளைச் சதுரமாகப் போட்டால் சரி.

கே: என் குரல் நன்றாக இராதே?
– வாசகி, கடுகண்ணாவ

ப: நன்றாகப் பாடுகிறவர் பக்கத்தில் உட்காருங்கள், புதியவரை அப்படி உட்கார்த்துவதுதான் அங்கே வழக்கம். சுரம் தவறினால் எல்லாவற்றுக்கும் 'லா' என்றே பாடுங்கள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவரவர் பாட்டில் இருப்பார்கள்.