மேஸ்திரி இல்லாத வீட்டுக்காரர்

அரக்கோணத்தில் காலை மின்சார ரயில் ஏறும் சீசன் டிக்கெட்காரர்களில் ஒரு வகையினரை அவர்கள் செல்போனை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் சீரியல், கிரிக்கெட், சாமி பாட்டு என்றிருக்க, இவர் மட்டும் கிரேனில் ஒரு வீடு அந்தரத்தில் தொங்கும் காட்சியைத் திருவள்ளூர் வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்ப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிறந்தது ரயில்வே குவார்ட்டர்ஸ், வேலை கிடைத்த பிறகு வாழ்வதும் ரயில்வே குவார்ட்டர்ஸ். ரிட்டையரானால் காலி செய்தாக வேண்டும். ஊருக்கு வெளியே என்றோ வாங்கிப் போட்ட அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி, சீமைக்கருவேலம் வளர்த்துக்கொண்டிருக்கிறது.

அதில் செங்கல் வைக்க அவருக்குப் பயம். காரணம் மேஸ்திரி. குறிப்பிட்ட ஒரு மேஸ்திரி அல்ல, மேஸ்திரி என்கிற தத்துவம். சோளிங்கர் மச்சான் வீடு கட்டியபோது, தளம் போட்ட கையோடு ஆம்பூரில் ஒரு கல்யாணம் என்று கிளம்பிய மேஸ்திரி பொங்கலுக்குத்தான் திரும்பி வந்தார். எம்சாண்டு ஒரு லோடு, ஜல்லி ஒரு லோடு, கம்பி இன்னும் கொஞ்சம் என்று துண்டுச் சீட்டில் வந்த கணக்கு, மச்சான் மனைவியின் வளையல் வரைக்கும் போயிற்று. அன்றே நம்மவர் முடிவெடுத்தார்: வீடு தொழிற்சாலையில் தயாராகட்டும், லாரியில் வரட்டும், நாம் சாவியை மட்டும் வாங்கிக்கொள்வோம்.

ஆதாரங்கள் கைவசம் நிறைய உண்டு. ரயில் திருநின்றவூரைத் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரருக்கு அத்தனையும் வந்து சேரும். சென்னை ஐஐடி வளாகத்தில் 2013-இல் கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பலகைகளால் நான்கு குடியிருப்புகள் கொண்ட மாடிக் கட்டடம் எழும்பியது. பலகையின் கனம் 124 மில்லிமீட்டர், மூலப்பொருள் உரத் தொழிற்சாலைக் கழிவு. பெரும்பாக்கத்தில் லைட் ஹவுஸ் திட்டத்தில் 1,152 வீடுகள். தூண், உத்தரம், தளம் எல்லாம் முன்னதாகவே வார்த்து எடுத்துவந்து பொருத்தியவை. 2021 ஜனவரி 1 அடிக்கல், 2022 மே 26 திறப்பு விழா. அதே திட்டத்தில் ராஞ்சியில் அறைகளையே பெட்டி பெட்டியாக வார்த்து அடுக்கினார்கள். அமெரிக்காவில் சியர்ஸ் கம்பெனி 1908 முதல் 1940 வரை, கேட்லாக் பார்த்து ஆர்டர் கொடுத்தவர்களுக்கு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் பாகம் பாகமாக அனுப்பியது. அதுவும் ரயில் வேகனில். இந்தக் கடைசித் தகவலைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும்.

எதிரே ஓய்வுபெற்ற வாத்தியார் யாராவது உட்கார்ந்துவிட்டால் ஆபத்து. பிரிவினை அகதிகளுக்கு வீடு தரவென்று டெல்லியில் அரசு தொடங்கிய வீட்டுத் தொழிற்சாலையின் சுவர்ப் பலகைகள் விரிசல் விட்ட கதையை அவர் எடுத்துவிடுவார். “அது நேரு காலம் சார்” என்று சொல்லிவிட்டு நம்மவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வார்த்தால்தான் இது கட்டுப்படியாகும். அரை கிரவுண்டுக்கு ஒரே ஒரு வீடு என்றால் லாரியும் கிரேனும் அவர் ஒருவர் தலையில். விலைப்பட்டியலில் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று தனி வரியாக வேறு நிற்கும். மேஸ்திரி கணக்கில் அதெல்லாம் கண்ணில் படாது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதற்கு இடமில்லை.

கட்ட அனுமதி சுலபம். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே வாங்கிவிடலாம். அவர் மாட்டிக்கொள்வது வங்கியில். வீட்டுக் கடனைப் பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று வேலை ஏற ஏறத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். மனையைப் பார்வையிட இன்ஜினியர் வருவார்.

“லிண்டல் மட்டம் எங்க சார்?”

“ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஷெட்டுல இருக்கு சார்.”

“ரூஃப்?”

“அதுவும் அங்கதான். ஜன்னலுக்குக் கொசுவலைகூட அடிச்சாச்சு.”

இன்ஜினியர் பேஸ்மட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்த ஆட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார். அந்தப் பேஸ்மட்டத்தைப் போட்டது யார் என்றால், கடகால் தோண்டத் தொழிற்சாலையிலிருந்து ஆள் வராது. சோளிங்கர் மச்சானுடைய அதே மேஸ்திரிதான்.

அடுத்த சிக்கலை வீட்டம்மா கிளப்புவார். “ஏங்க, நிலை வைக்கற அன்னிக்கு நவதானியம், நவரத்தினமெல்லாம் எங்க வைக்கறது?” நிலைவாசல் அங்கே ஷெட்டில் ஏற்கெனவே வெல்டிங் ஆகிக்கொண்டிருக்கிறது. தம்பதி வெற்றிலைபாக்கு, தேங்காய், கற்பூரத்தோடு பஸ் பிடித்துப் போவார்கள். பாதுகாப்பு விதிப்படி இருவர் தலையிலும் மஞ்சள் ஹெல்மெட். வெல்டிங் பையன்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்பார்கள். கற்பூரம் ஏற்றக் கூடாது என்று சொல்ல வந்த அதிகாரியும் விபூதி பூசிக்கொண்டு போவார்.

வீடு வரும் நாளில் தெருவே வாசலில் நிற்கும். லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதனால் பெட்டியாக வரும் அறையும் எட்டடிச் சொச்சத்தோடு நின்றுவிடும். ஈபி லைன், கேபிள் வயர், வேப்பங்கிளை எல்லாம் தப்பி அறை இறங்கியதும் வீட்டம்மா உள்ளே எட்டிப் பார்த்து, “குவார்ட்டர்ஸ விட்டுக் கம்பார்ட்மென்ட்டுக்கு வந்துட்டோம்” என்பார். இரண்டு அறைகளைச் சேர்த்து நடுச்சுவரை எடுத்த பிறகுதான் அது ஹாலாகும். சாயங்காலத்துக்குள் வீடு நின்றுவிடும்.

கிரகப்பிரவேசத்தில் சுவரைத் தட்டாமல் யாரும் மொய் வைப்பதில்லை.

“என்னப்பா, செவுரு டொக்கு டொக்குங்குது?”

“பஃப் பேனல் பெரியப்பா. நடுவுல நுரை. வெயில் உள்ள வராது.”

“நுரையா?” என்று பெரியப்பா தட்டிய கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார். காலண்டர் மாட்ட ஆணி எங்கே அடிப்பது என்ற கேள்விக்கு மட்டும் கம்பெனி கொடுத்த கையேட்டைப் புரட்ட வேண்டியிருக்கும்.

வீடு ஒழுகவில்லை, ஆடவில்லை. சித்திரையில்கூட மதியம் உள்ளே தூங்க முடிகிறது. ஆனால் மாலையில் டீக்கடையில் சொந்த வீட்டுக்காரர்கள் கூடும்போது நம்மவருக்குப் பேச்சே வருவதில்லை. ஒருவர் தளம் போட்ட ராத்திரி மழை கொட்டித் தார்ப்பாய் தேடி ஓடியதைச் சொல்வார். இன்னொருவர் கம்பி விலை ஏறியதால் மாடியைக் கைவிட்டதைச் சொல்வார். மூன்றாமவர் மேஸ்திரியைத் தேடி மூன்று தாலுகா சுற்றியவர். அவருக்கு அந்தக் கடையில் தனி மரியாதை. நம்மவர் வாயைத் திறந்தால், “உங்களுக்கு என்னா சார், ஒரே நாள்ல லாரியில வந்துச்சு” என்று முடித்துவிடுவார்கள். பட்ட பாட்டைச் சொல்ல வழியில்லாத வீட்டை யாரும் முழு வீடாக ஒப்புக்கொள்வதில்லை. அவரும்தான்.

பக்கத்து மனையில் இப்போது ஓர் ஆசிரியத் தம்பதி செங்கல் வீடு கட்டுகிறார்கள். இருவரும் எட்டு மணிக்கே பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள். விடிகாலையில் ஹோஸ் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் அடிப்பவர் நம்மவர்தான். வந்து இறங்கும் சிமெண்ட் மூட்டையை எண்ணுவது, ஜல்லி லோடின் அளவைச் சந்தேகிப்பது, தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொல்வது எல்லாம் அவரே. “வீட்டுக்காரரே சும்மா இருக்காரு, நீங்க ஏன் சார் வெயில்ல நிக்கறீங்க?” என்று சித்தாள் அம்மா கேட்டால், அவர் கலவையில் இரண்டு விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

“சிமெண்ட் கம்மி.”