விமானத்துக்கு ஆர்.சி. புக் எங்கே?

பெறுநர்:
மாட்சிமை தாங்கிய சோதனைச் சாவடி அவர்கள்,
தேசிய நெடுஞ்சாலை, விளக்கு எரியாத அந்த வளைவு தாண்டி இடதுபுறம்.

பொருள்: எங்கள் விமானத்துக்கு ஆர்.சி. புக் இல்லாத குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை: கடந்த ஞாயிறு அதிகாலை 4.40 மணிக்கு எங்கள் முகத்தில் அடித்த டார்ச் லைட்.

ஐயா,

அன்று நீங்கள் என்னிடம் எழுதி வாங்கிய மன்னிப்புக் கடிதம் மொத்தம் எட்டு வரி. அதற்கு மேல் தாளில் இடமில்லை. பேனாவும் உங்களுடையது, பாதியில் திருப்பிக் கேட்டீர்கள். விட்டுப்போனதை எல்லாம் சாவகாசமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் நன்றி. நாற்பது வயதுக்கு மேல் ரிமோட்டில் விமானம் விடுகிறவனை இந்த ஊரில் யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. வீட்டில் அதற்குப் பெயர் விளையாட்டுச் சாமான். மாமனார் வீட்டில் அதற்குப் பெயர் தண்டச் செலவு. தாங்கள் ஒருவர்தான் அதை மெய்யான ஆகாய விமானம் என்று நம்பி மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்து மரியாதை செய்தீர்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பதிவுக்காக.

“பின்னாடி என்னய்யா நீட்டிட்டு இருக்கு?”

“ஏரோப்ளேன் வாலு சார்.”

“போட்டிருக்கியா?”

ஊதச் சொன்னீர்கள். ஊதினேன். கருவி பூஜ்யம் காட்டியது. கருவியைத் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னீர்கள். மறுபடியும் பூஜ்யம். அதற்குப் பிறகுதான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தீர்கள். அங்கே படுத்திருந்தது, மஞ்சளாக, ஐந்தரை அடி நீளத்துக்கு.

“ஆர்.சி. ப்ளேன் சார்” என்றேன். என் வாயில் சனி.

“அப்ப ஆர்.சி.யை எடு.”

எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “இது வண்டியோடது. ப்ளேனோட ஆர்.சி. எங்க?”

ஐயா, இருபது வருடமாக இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறேன். ஆர்.சி. என்றால் ரேடியோ கன்ட்ரோல் என்று வாத்தியார் போலச் சொல்லிக்கொடுத்து எத்தனையோ பேருடைய பொறுமையைச் சோதித்திருக்கிறேன். ஆனால் ஆர்.சி.க்கே ஆர்.சி. கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். இதற்குள் உங்கள் காவலர் ஒருவர் இறக்கையில் டார்ச் அடித்து எழுத்தைப் படித்துவிட்டார். “சார், டி.என். இல்ல சார். வி.டி.ன்னு போட்டிருக்கு. அதர் ஸ்டேட் வண்டி.”

இந்தியாவில் பதிவான எந்த விமானத்துக்கும் எழுத்து வி.டி. என்றுதான் தொடங்கும். நிஜ விமானம் போல இருக்கட்டுமே என்று அதைப் போட்டு, பின்னால் என் மகள் பெயரின் மூன்று எழுத்தையும் ஒட்டியிருந்தேன். விளக்கினேன். நீங்களும் பொறுமையாகக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, “ஆக ரிஜிஸ்டர் நம்பர் இருக்கு. ஆர்.சி.தான் இல்ல” என்று தீர்ப்பு எழுதினீர்கள். அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் அண்ணாச்சி இறங்கி வந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 68, அந்த விமானத்தைக் கட்டியவர் அவர்தான். உங்களுக்கு உதவுகிற நினைப்பில், “தம்பி, இது ஆர்.சி.” என்று தொடங்கினார். உங்கள் காவலர், “பெரியவரே, நீங்க ஆர்.சி.யா?” என்றார். அண்ணாச்சி நெல்லைக்காரர், எந்தச் சபை என்கிற இந்தக் கேள்வியை அறுபது வருடமாகக் கேட்டுப் பழகியவர். யோசிக்காமல் சொன்னார்: “இல்ல தம்பி, நான் சி.எஸ்.ஐ.”

சி.எஸ்.ஐ. என்பது டெல்லியிலிருந்து வரும் ஏதோ துறை என்று நினைத்து நீங்கள் ஒரு கணம் தொப்பியைச் சரிசெய்ததை நான் பார்த்தேன். வெளியில் சொல்ல மாட்டேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வண்டிக்குள் இருந்த சாமான்களை உங்கள் கண்ணால் பார்த்தால் எனக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். சிவப்பும் கறுப்புமாய் வயர், பேட்டரி, ஆன்டெனா வைத்த ரிமோட், பிளாஸ்டிக் கேனில் இரண்டு லிட்டர் பெட்ரோல். அந்தப் பெட்ரோலை பங்கில் பாட்டிலில் தரமாட்டார்கள் என்பதால் ஸ்கூட்டருக்குப் போட்டு, ஸ்கூட்டரிலிருந்து டியூப் விட்டு உறிஞ்சி எடுத்து, லிட்டருக்கு முப்பது மில்லி டூ-டி ஆயில் கலந்து கொண்டுவந்திருந்தோம். கேனைத் திறந்து மோந்து பார்த்த இளம் காவலர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, “சார், எங்கப்பாவோட ஆர்.எக்ஸ். ஹண்ட்ரட் வாசனை” என்றார். அந்தப் பிள்ளைக்குப் பதவி உயர்வு கொடுங்கள். இத்தனை சாமான்களைப் பார்த்து, வெடிகுண்டு நிபுணர்களைக் கூப்பிடலாமா என்று நீங்கள் யோசித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள் என்று தெரிந்ததும், வெடிகுண்டு விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு மறுபடி ஆர்.சி. புக்குக்கு வந்தீர்களே, அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

நிறுத்தப்பட்டவர் யார் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். பைப்பர் கப், ஜே-3. அமெரிக்காவில் 1938 முதல் 1947 வரை செய்த சின்ன விமானம். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம், மஞ்சள் பெயின்ட், பக்கவாட்டில் கறுப்பு மின்னல் கோடு. அசலுக்கு இறக்கை 35 அடி. எங்களுடையது அதில் கால்வாசி, எட்டே முக்கால் அடி. இறக்கை இரண்டாகக் கழன்றுவிடும், நடுவில் ஒரு அலுமினியக் குழாய். உடம்பு மட்டும் கழலாது. இந்தப் பொழுதுபோக்கில் விமானம் வாங்குகிறவன் முதலில் அளப்பது ஓடுபாதையை அல்ல, தன் வண்டியின் டிக்கியை. எங்கள் வேனில் மூன்று பேர் ஏறிய பிறகு வால் ஒரு சாண் வெளியே நின்றது. சிவப்புத் துணி கட்டியிருந்தோம்.

மொத்த எடை ஏழு கிலோ. உள்ளே எலும்புக்கூடு பால்சா மரம், ஈக்வடாரிலிருந்து வருவது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமை இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி இழுத்து ஒட்டியிருக்கும். அண்ணாச்சி இரண்டு வருடம், ராத்திரி ராத்திரியாக, கண்ணாடி மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒட்டியது. மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக நிற்கும். உங்கள் காவலரும் முதலில் மத்தளம் மாதிரித்தான் தட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே என்ன ஒளித்திருக்கிறோம் என்று கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து.

‘பொத்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பலூன் வெடிக்கிற சத்தம் கூட இல்லை. உள்ளே காற்றுதான் இருந்தது.

அண்ணாச்சி கையை நீட்டி, “தம்பி, பாத்து...” என்றார். “யோவ் பெருசு, ஓரமா உக்காரு” என்றார் உங்கள் ஆள். அண்ணாச்சி போய் மைல்கல் மேல் உட்கார்ந்தார். ஐயா, முப்பத்தாறு வருடம் ரயில் பெட்டிகளுக்கு பிரேக் சரிபார்த்து அனுப்பியவர் அவர். எத்தனையோ லட்சம் பேர் உயிரோடு ஊர்போய்ச் சேர்ந்ததில் அவர் கைக்குப் பங்கு உண்டு. அவரை யோவ் என்று கூப்பிடுகிற உரிமையை உங்கள் ஆளுக்கு யார் கொடுத்தது? எந்த ஆர்.சி.யில் எழுதியிருக்கிறது அது?

தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொண்டை கரகரத்துவிட்டது.

சட்டம் தெரியாமல் வந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளை அச்செடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தேன். இருபத்தைந்து கிலோவுக்குள், பொழுதுபோக்குக்காக, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் பறக்கவிட்டால் அது மாதிரி விமானம், அதற்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்று அதில் இருக்கிறது. மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுத்தேன். நீங்கள் ஒரு பக்கம் மட்டும் அச்சாகியிருக்கிறது என்பதைக் கவனித்து, தாளைத் திருப்பி வேன் பானட்டின் மேல் வைத்து, “இதுலயே எழுதிக் குடு. இனிமே இந்த ரூட்ல விமானம் கொண்டுவர மாட்டேன்னு” என்றீர்கள். இந்திய அரசின் ட்ரோன் விதிகள் ஒரு குடிமகனுக்கு இவ்வளவு உடனடியாகப் பயன்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதற்கு முன்னால் அபராதப் பேச்சும் வந்தது. வண்டிக்கு வெளியே சரக்கு நீட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ), இருபதாயிரம் ரூபாய். உண்மைதான், அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு சாணுக்கு இருபதாயிரம் என்றால் அங்குலத்துக்கு எவ்வளவு என்று நான் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த மினி லாரி வந்தது. கட்டுக் கம்பி லோடு. பின்னால் ஐந்தடி வெளியே தொங்கி, ரோட்டில் உரசுகிற சத்தத்தோடு. சிவப்புத் துணி இல்லை, டெயில் லைட் இல்லை. நீங்கள் கையசைத்தீர்கள். டிரைவரும் கையசைத்தார். போய்விட்டது.

அந்த மாதிரிக் கம்பியில் ராத்திரி பைக்கோடு போய்ச் செருகிக்கொண்டவன் ஒருவன் எங்கள் தெருவில் இருந்தான். இருபத்து நான்கு வயது. அவன் அம்மா இன்னும் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த லாரியையும் ஏதோ ஒரு சாவடியில் யாரோ இப்படித்தான் கையசைத்து அனுப்பியிருப்பார்கள். நகம் பட்டால் நசுங்குகிற மரத்துக்கு மூன்று மணி நேரம், கம்பிக்கு ஒரு கையசைப்பு. வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். கடிதத்தின் பொருள் ஆர்.சி. புக். அதை விட்டு விலகிவிட்டேன்.

“மெட்ராஸ்லேயே விட வேண்டியதுதானே, எதுக்கு இவ்ளோ தூரம்?” என்றும் கேட்டீர்கள். நல்ல கேள்வி. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டர் வரை ஏதாவது ஒரு கட்டுப்பாடு. மீனம்பாக்கம் முடிகிற இடத்தில் தாம்பரம் விமானப்படைத் தளம். இன்னும் தெற்கே போனால் கல்பாக்கத்தில் அணு உலை. இவற்றுக்கு நடுவே மிச்சமிருக்கிற பொட்டலில் எல்லாம் வீட்டுமனைக் கல் நட்டுக் கொடி கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பி, 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு காய்ந்த ஏரிக்கு வருகிறோம். மழை பிடித்துவிட்டால் அங்கே கொக்குதான் இறங்கும். எங்களுக்குக் கிடைப்பது சித்திரை, வைகாசி, ஆனி. அதிலும் விடிந்து ஏழரை, எட்டு மணி வரைதான் காற்று அசையாமல் இருக்கும். அதற்குப் பிறகு தரை சூடாகிக் காற்று குதிக்கத் தொடங்கிவிடும். இனி ஆடி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும், ஏழு கிலோ கப் பறக்காது. பறந்தால் இறங்காது.

1910இல் மவுன்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி’ஏஞ்சலிஸ் என்பவர் தானே வரைந்து, சிம்சன் கம்பெனியில் கட்டிய விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். மவுன்ட் ரோட்டிலிருந்து பல்லாவரத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோனார் என்று அடிக்கடி யோசிப்பேன். இப்போது யோசிப்பதெல்லாம், வழியில் தாங்கள் இல்லையே என்பதுதான். சீவக சிந்தாமணியில் நிறைமாத விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பினாளே, அவளை நிறுத்தியிருந்தால் சீவகன் உங்கள் சாவடியிலேயே பிறந்திருப்பான். புஷ்பக விமானத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குபேரனிடமிருந்து பிடுங்கிய வண்டி. ராவணன் பெயர் மாற்றம் செய்ததாக எந்த ராமாயணத்திலும் இல்லை. பிறகு ராமரும் அதே வண்டியில்தான் அயோத்தி வரை போனார், ஆர்.சி. புக் இல்லாமலே. கேட்க ஆளில்லாத காலம்.

8.20க்கு எங்களை விட்டீர்கள். விடுவதற்கு முன் இறக்கையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். “எம் பையனுக்கு ஒண்ணு கிடைக்குமா, எவ்ளோ வரும்?” என்று கேட்டீர்கள். விலையைச் சொன்னதும், “இதுக்கா!” என்றீர்கள். ஐயா, அந்த ஒரு சொல்லில் நீங்களும் என் மனைவியும் ஒன்று.

ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதேகால். கருவேலங்கிளை எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. நண்பர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி இறக்கையை மடியில் வைத்து, ஓட்டையைச் சுற்றி பிளேடால் சதுரமாக அறுத்து எடுத்துவிட்டுப் புது ஃபிலிம் வைத்தார். இஸ்திரிக்கு மின்சாரம் இல்லை, டேப்தான். “அடுத்த ஞாயிறு பாப்போம்” என்றார். அதே ரூட்தான், வேறு வழி கிடையாது. எனவே அந்த எட்டு வரித் தாளை எடுத்து வையுங்கள். மறுபக்கம் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சாவடியின் மைல்கல் எண்ணைக் கூட வெளியிட விரும்பாத
ஒரு ஆர்.சி.க்காரன்
(அண்ணாச்சி சி.எஸ்.ஐ.)

இணைப்பு:
மஞ்சள் ஃபிலிம் துண்டு, சதுரம், மூன்றங்குலம். நடுவில் ஓட்டை. ஓட்டையின் ஓரத்தில் தங்கள் காவலரின் கட்டைவிரல் ரேகை தெளிவாக இருக்கிறது.
ஆர்.சி. நகல்: இணைக்கப்படவில்லை.