மானிட்டருக்கு ஒரு குடம் தண்ணீர்

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். அந்தக் கணக்கெல்லாம் ஒரு திரைக்குள் அடங்குமா? லேப்டாப்பில் பில், பக்கத்துப் பழைய மானிட்டரில் எக்செல். சித்திரை வெயில் ஏறியதும் அந்த மானிட்டரில் மட்டும் கோடுகள் படபடவென்று ஓடத் தொடங்கின.

கேபிளை மாற்றினேன். மிக்ஸிமேல் சந்தேகப்பட்டு அம்மாவை நிறுத்தச் சொன்னேன். சட்னிதான் போச்சு, கோடு போகவில்லை. சென்னையிலிருக்கும் மருமகன், "மாமா, நாற்காலிய மாத்துங்க" என்றான். கேலியில்லை. கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது கிளம்பும் மின்துடிப்பு கேபிளில் ஏறி, திரையை ஓரிரு விநாடி இருட்டாக்கும். டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் என்னுடையது கல்யாண வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். கோடு மாயம்! சொருகினால் மறுபடி ஓட்டம்.

எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்தார். "முன்கட்டுக்கு ஒரு எர்த்து, பின்கட்டுக்கு ஒரு எர்த்து. லேப்டாப் ஒண்ணுல, மானிட்டர் இன்னொண்ணுல. பின்னாடி உள்ளது செத்துக் கிடக்கு. போக வழியில்லாத கரண்ட் ஒங்க கேபிள்ல ஏறி முன்னாடி வருது." மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், திரை 60. ஒத்துப்போகாததால்தான் கோடு நிற்காமல் ஓடியிருக்கிறது.

கொல்லைக்குப் போய்ப் பார்த்தோம். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். எர்த் பைப்பைச் சுற்றி விரல் நுழையும் வெடிப்பு. மண் பைப்பைத் தொடவே இல்லை. உப்பும் கரியும் கொட்டிய குழி சுடுமணலாகக் கிடந்தது.

"ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "சீவலப்பேரியில இருந்து வர்ற தண்ணி. எப்ப வரும்னு தெய்வத்துக்கே தெரியாது. அதக் கொண்டுபோயி பொட்டிக்கு ஊத்தணுமாக்கும்?"

"பொட்டிக்கு இல்ல யம்மா. பின்கட்டு பிரிட்ஜத் தொட்டா சுருக்குங்குமே?"

"அதத்தான் போன மாசத்துலருந்து சொல்லுதேன். எவன் கேட்டான்? இவன் பொட்டியில கோடு வந்ததும் ஆளு வந்துட்டு!"

இரண்டு பிளக்கையும் ஒரே போர்டில் சொருகியதும் கோடு போய்விட்டது. பின்கட்டு எர்த்தை அண்ணாச்சி தோண்டிச் சரிசெய்தார். தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. கரிசல்காட்டுக்காரர்களே, கோடை வந்தால் எர்த் குழியை மறக்காதீர்கள். நல்ல தண்ணீர் வேண்டாம், பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும்.