கங்காரு வால்: காரணம் கூறுக

மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் முதலில் ஓர் அறை கொடுப்பார்கள். பூட்டு ஒன்று, சாவி இரண்டு, உள்ளே ஒரு தண்ணீர்க் குழாய். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர், செல் வளர்க்கும் இன்குபேட்டர், எலிகள், எலிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாணவர் எல்லாம் நாமே எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவை.

“சம்பளந்தான் குடுக்கிறாங்களே, அப்புறம் எதுக்குடி திரும்பத் திரும்பக் காசு கேட்டு எழுதுற?” என்றாள் அம்மா.

“சம்பளம் எனக்கும்மா. இது எலிக்கு.”

“எலிக்கு எதுக்கு முப்பது லட்சம்?”

பின்னால் நிபுணர் குழுவும் இதையேதான் கேட்டது, கொஞ்சம் நாகரிகமான ஆங்கிலத்தில்.

பணம் தருவதற்கு இடங்கள் இல்லாமல் இல்லை. ஐ.சி.எம்.ஆர். இருக்கிறது, உயிரித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, இளம் ஆய்வாளர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருவதாக ஒரு திட்டம் அறிவித்தது. வயது வரம்பு 42. நாற்பத்திரண்டு வயது வரை நம்மை இளைஞர் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

என் ஆய்வு கல்லீரலைப் பற்றியது. அங்கே நட்சத்திர வடிவில் சில செல்கள் உண்டு. வைட்டமின் ஏ-யைச் சேர்த்து வைத்துக்கொண்டு தாமுண்டு தம் வேலையுண்டு என்று கிடக்கும். மதுவாலோ, சர்க்கரையும் தொப்பையும் கொண்டுவரும் கொழுப்பாலோ கல்லீரல் தொடர்ந்து அடிபட்டால், விழித்துக்கொண்டு கொலாஜன் என்ற புரதத்தைச் சுரந்து தள்ளும். ஈரல் தழும்பேறி இறுகும். எழுந்த செல்களை மறுபடி தூங்க வைக்க முடியுமா என்பது என் கேள்வி. பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? ஆனால் விண்ணப்பப் படிவம் அப்படி நினைப்பதில்லை. ‘எதிர்பார்க்கப்படும் முடிவுகள்’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய பெட்டியில் ‘பூர்வாங்க முடிவுகள்’. அதாவது ஆய்வு செய்யக் காசு கேட்பவர், காசில்லாமல் அதைச் செய்து பார்த்ததற்கு ஆதாரம் தர வேண்டும்.

அடுத்தது கேன்ட் சார்ட். மூன்று ஆண்டை மும்மாதங்களாகப் பிரித்துக் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் என்ன நடக்கும் என்று எழுதுவது. எங்கள் ஊர் ஜோசியர்கூட ‘தை பிறந்தால் நல்லது நடக்கும்’ என்று பட்டும் படாமலும்தான் சொல்வார். நானோ இரண்டாம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் இன்ன புரதம் இன்ன செல்லைத் தூங்கவைக்கும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பட்ஜெட்டில் மாணவருக்குச் சிக்கலில்லை. மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி என்று ஆணையே இருக்கிறது. செல் வளர்க்கத் தேவைப்படும் கன்றுக்குட்டி சீரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அரை லிட்டர் புட்டியின் விலையைப் பார்த்த கணக்கு அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார்.

“கன்னுக்குட்டியையே வாங்கிடலாமே மேடம்?”

“அதுக்கு விலங்கு நெறிக்குழு அனுமதி வேணும் சார்.”

“வாங்கிடுங்க.”

“திட்டத்துக்குப் பணம் வந்த விவரத்தைக் காட்டினாத்தான் அனுமதி.”

பணம் தருபவர்கள் அனுமதியைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

விண்ணப்பத்தை மதிப்பிட்ட நடுவர்களின் கருத்து வந்தது. ‘இது எல்லாரும் அறிந்ததே, புதுமை இல்லை’ என்றார் ஒருவர். ‘இதுவரை யாரும் செய்யாதது, ஆகவே நடக்குமா என்பது ஐயமே’ என்றார் இன்னொருவர். இருவரும் ஒருமனதாக நிராகரித்திருந்தார்கள்.

அப்போதெல்லாம் ஜி.என். ராமச்சந்திரனை நினைத்துக்கொள்வேன். என்னைப் பாடாய்ப்படுத்தும் இதே கொலாஜன் மூன்று இழை கொண்ட திருகு என்று கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை ஏற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஊருக்கு வந்த பெர்னால் என்ற விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்ல, இவர் பிடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாரை வாங்கி எக்ஸ்-கதிரில் வைத்தார்.

இன்றைக்கு அவர் எங்கள் படிவத்தை நிரப்பினால் என்ன ஆகும்? ‘இயற்பியல் துறைக்குக் கங்காரு வால்: காரணம் கூறுக.’ 2025 வரை என்றால், அரசின் ஜெம் சந்தைத் தளத்தில் கங்காரு வால் இல்லை என்பதற்கு அறிக்கையும் இணைத்திருக்க வேண்டும். மூன்று கம்பெனிகளின் விலைப்புள்ளி வேண்டும். ‘உள்நாட்டு மாட்டு வால் ஏன் ஆகாது?’ என்று ஒரு நடுவர் கேட்பார். நியாயமான கேள்விதான். மக்கள் வரிப்பணம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதில் தெரியப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். படம் எடுக்க வால் வேண்டும்.

இந்தக் கட்டத்திலிருந்து வெளியேறும் வழியை ஒரு மூத்த பேராசிரியர்தான் காட்டினார். “செய்யப்போறதை எழுதாதம்மா. செஞ்சு முடிச்சதை எழுது. அந்தக் காசுல அடுத்ததைச் செய்.” நடந்து முடிந்ததற்குப் பலன் எழுதினால் எந்தக் கட்டம்தான் பொய்க்கும்? உலகம் முழுக்கப் பெரிய ஆய்வகங்கள் ஓடுவது இப்படித்தானாம். முந்தைய காசு என்று ஒன்று இல்லாதவரைத்தான் இளம் விஞ்ஞானி என்கிறார்கள்.

கடைசியில் ஓர் இடத்தில் ஆணை வந்தது, பிப்ரவரியில். முதல் தவணையை மார்ச் 31-க்குள் செலவழித்து, ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும் என்று கணக்குப் பிரிவில் சொன்னார்கள். மிச்சம் வைத்தால் அடுத்த தவணை தள்ளிப்போகும். மூன்று வருடம் காத்திருந்த எலிகளுக்கு ஆறு வாரத்தில் ஏக உபசாரம்.

இதற்கிடையே விண்ணப்பத்தில் எங்கும் சொல்லாத ஒரு யோசனை எனக்கு வந்திருக்கிறது. பூர்வாங்க முடிவு கிடையாது. கேன்ட் சார்ட்டில் கட்டம் கிடையாது. பலித்தால் அடுத்த விண்ணப்பத்தை அதை வைத்தே எழுதிவிடலாம். அதற்கான செலவை எந்தத் தலைப்பில் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள். தணிக்கை அதிகாரிகளும் பத்திரிகை படிக்கிறவர்கள்தான்.